குடல் கிருமிகளைத் தேடி நான் செலவழித்த 82,400 ரூபாய்

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு வரும் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. தினமும் அதில் வந்துபோகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்கோ, 2019 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுகள் வேறு எந்தக் கவலையும் இதற்கு முன் நின்றதில்லை. தாம்பரத்தில் எந்த நடைமேடையிலிருந்து கழிப்பறை பக்கம், மாம்பலத்தில் எது காலை எட்டு மணிக்குப் பூட்டிக் கிடக்கும், எங்கே தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கைப்பையில் சில்லறைக்கு ஒரு தனிச் சுருக்குப்பை, மாற்று உடுப்புக்கு ஒரு பை. இவை இல்லாமல் வாசற்படி தாண்டியதில்லை. எனக்கு வந்தது உயிரை எடுக்கிற நோய் அல்ல. ஆனால் அதைப் பற்றி வெளியே சொல்ல முடியாமல் தனியாகக் கிடந்து அலைந்ததும், தேவையில்லாத இடங்களில் பணத்தைக் கொட்டியதும் இன்றும் உறுத்துகிறது. யாராவது முன்பே எச்சரித்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

தொடக்கம் மதுராந்தகம் பக்கம் ஒரு கல்யாணச் சாப்பாடு. அன்றிரவே காய்ச்சல், வாந்தி, ஒரே நாளில் பன்னிரண்டு முறை வயிற்றுப்போக்கு. கணவருக்கும் வந்தது. அவருக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. எனக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் காய்ச்சல் போனது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. காலையில் காபி இறங்கிய பத்தாவது நிமிடம் தொப்புளைச் சுற்றி முறுக்கும். ஓடிப் போய் வந்தால் கொஞ்சம் அடங்கும், மறுபடி முறுக்கும். கிளம்புவதற்குள் மூன்று நான்கு முறை. சாயங்காலம் வயிறு உப்பி, புடவைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும். "சூடு பிடித்திருக்கும், மோர் குடி" என்றார் அத்தை. நானும் இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

இந்த இடத்தில் நான் பின்னால் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிருமித் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தொற்று போன பிறகும் குடல் இப்படித் தடுமாறிக்கொண்டே இருக்கும். கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை மருத்துவர்கள் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டு ஆண்டு கழித்தும் அவர்களில் பலருக்கு வயிறு சரியாகவில்லை. அப்படிப்பட்ட நிலைக்குத்தான் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்று பெயர். தமிழில் 'குடல் எரிச்சல் நோய்' என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயர் எனக்கு முதலில் தெரிந்திருந்தால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று இரவில் அழுதிருக்க மாட்டேன். புற்றுநோய் என்றே முடிவு கட்டி, மகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் வங்கிப் புத்தகங்களையும் ஒரே கோப்பில் போட்டு வைத்த நாள் ஒன்று உண்டு.

முதல் மருத்துவர் வாயு மாத்திரை கொடுத்தார். இரண்டாவது ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ரத்தப் பரிசோதனைகள் 4,800 ரூபாய், குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்புரொடெக்டின் பரிசோதனை 3,200, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் சதைத் துணுக்குப் பரிசோதனையும் 12,000. எல்லாம் நார்மல். "ஒன்றும் இல்லை அம்மா, டென்ஷன்தான்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவள் காலை ஐந்தரைக்கு எழுந்து கழிப்பறையில் முக்கால் மணி நேரம் கிடக்கிறேன், ஒன்றும் இல்லை என்றால் எப்படி? அந்த ஆத்திரத்தில் வேறொரு இடத்துக்குப் போய் 6,500 ரூபாய்க்கு ஸ்கேன் எடுத்தேன். அதுவும் நார்மல்.

இப்போது யோசித்தால், அந்த முதல் 20,000 ரூபாய் வீண் இல்லை. நம் ஊரில் குடல் காசநோய் இருக்கிறது, குடல் அழற்சி நோய்கள் இருக்கின்றன, தைராய்டு கோளாறும் வயிற்றைக் கலக்கும். அவற்றை ஒருமுறை ஒழுங்காக இல்லை என்று தெரிந்துகொள்வது அவசியம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, விடாத காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பதை ஒட்டிய வயதில் முதல்முறையாகத் தொடங்கும் தொந்தரவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நான் எழுதுவதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். எல்லாம் நார்மல் என்று வந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அப்படியானால் எனக்கு இருப்பதற்குப் பெயர் என்ன?" அதை அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த மூன்று ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும்.

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை. அதிசயம் போல வயிறு பாதி அடங்கியது. கழிப்பறை பத்தடி தூரத்தில் இருந்ததால் மனது அடங்கியது, மனது அடங்கியதால் குடலும் அடங்கியது. குடலுக்கும் மூளைக்கும் இருக்கிற நரம்புத் தொடர்பு பற்றி அப்போது எனக்குத் தெரியாது. வெளிச்சாப்பாடு இல்லாததால் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். 2021 தொடக்கத்தில் மறுபடி ரயில் ஏறினேன். முதல் வாரமே சிங்கப்பெருமாள்கோவில் தாண்டுவதற்குள் வியர்த்துக் கொட்டியது.

அதன்பிறகுதான் பணத்தை இறைத்தேன். எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தத்தில் கண்டுபிடித்துச் சொல்கிற பரிசோதனை என்று விளம்பரம் பார்த்து 9,000 ரூபாய் கட்டினேன். 31 உணவுகளுக்குச் சிவப்பு அடையாளம் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பரிசோதனை அளக்கிற ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருள், நாம் அந்த உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் காட்டும், அதை வைத்து ஒவ்வாமையை முடிவு செய்யக் கூடாது என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பட்டியலோடு, இணையத்தில் பார்த்த ஃபாட்மேப் உணவு முறையையும் சேர்த்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான நல்ல முறை அது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து வாயுவாக்குகிற சில வகைச் சர்க்கரைகளைக் கொஞ்ச நாள் குறைப்பார்கள். வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால், காலிஃபிளவர், மாம்பழம் எல்லாம் அதில் வரும். இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. நான் முதல் பாதியை மட்டும் படித்தேன். நிறுத்தியது நிறுத்தியதுதான். ஒரு மாதத்தில் உப்புசம் நன்றாகக் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில், திரும்பச் சேர்க்கப் பயந்து, சோறும் ரசமும் கேரட்டும் என்று மாதக்கணக்கில் ஓட்டினேன். 58 கிலோ இருந்தவள் 51 ஆனேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வயிற்றுப்போக்கு மட்டும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குடல் பாக்டீரியா பற்றிய பேச்சு எங்கும் அடிபடத் தொடங்கியது. நம் உடம்பில் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று படித்தபோது மலைத்துப்போனேன். உடம்பின் சொந்த அணுக்களே கிட்டத்தட்ட 30 லட்சம் கோடிதான். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன, மொத்த எடை 200 கிராம் வரும். அவை நாரை நொதிக்கவைத்துக் குடல் சுவருக்கு உணவு தருகின்றன, சில வைட்டமின்களை உண்டாக்குகின்றன, நோய்க் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு இந்தக் கூட்டம் மாறியிருக்கிறது என்பதும் உண்மை. ஆக, என் பாக்டீரியாவைச் சோதித்துச் சரிசெய்துவிட்டால் தீர்ந்தது என்று நம்பினேன். 2021 நவம்பரில் 13,500 ரூபாய் கட்டினேன்.

கூரியரில் ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே ஒரு விரல் நீளக் குழாய், அடியில் நீல நிறத் திரவம், மூடியோடு ஒட்டிய பட்டாணி அளவுக் கரண்டி, பார்கோடு ஒட்டிய உறை. அத்தை கண்ணில் படாமல் அதைத் துணி சோப்புப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மூன்று வாரத்தில் 42 பக்க அறிக்கை வந்தது. கலர் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ரயிலிலேயே பிரித்துப் படித்தேன். பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். 'பைஃபிடோபாக்டீரியம்' என்ற நல்ல பாக்டீரியாவின் பெயருக்கு எதிரே சிவப்புப் பட்டை, 'மிகக் குறைவு' என்று. என்ன ஒரு நிம்மதி தெரியுமா? இரண்டு ஆண்டுகளாக "ஒன்றும் இல்லை" என்று கேட்டுக் கேட்டு நொந்தவளுக்கு, காகிதத்தில் ஒரு குறை அச்சாகி வந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் அதே நிறுவனத்தின், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை, மாதம் 2,800 ரூபாய். எட்டு மாதம் விடாமல் வாங்கினேன். 2022 ஆகஸ்டில் சலுகை விலை என்று 11,000 கட்டி இரண்டாவது முறை சோதித்தேன். சிவப்புப் பட்டை மஞ்சளாகியிருந்தது. அறிக்கை தேறிவிட்டது. நான் அப்போதும் தாம்பரத்தில் இறங்கி ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

2023 மார்ச்சில் ஒருநாள் கூடுவாஞ்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சிக்னலுக்காக ரயில் நின்றுவிட்டது. இருபது நிமிடம். அன்று என்னால் அடக்க முடியவில்லை. பெண்கள் பெட்டியில் எதிரே இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், "அக்கா, எழுந்திருக்காதீர்கள்" என்று சொல்லித் தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டாள். தாம்பரம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குத் திரும்பி அன்றுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு செலவழித்தேன் என்பது உட்பட. "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது, அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். பயம் குறைந்தால் குடலின் பதற்றமும் குறையும் என்பதை ஊரடங்கு எனக்கு முன்பே காட்டியிருந்தது.

அடுத்த வாரம் அவரே ஓர் அரசு மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனார். மூன்று மணி நேரம் வரிசை. வயதான ஒரு மருத்துவர் கோப்பு முழுவதையும் நிதானமாகப் புரட்டினார். பாக்டீரியா அறிக்கை வந்ததும் நிறுத்தி, "இந்த மல மாதிரியை எடுத்தபோது என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்றார். வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை எதுவும் இல்லை என்றேன். "எத்தனை நாளாக?" ஒன்பது மாதம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பைஃபிடோவுக்குத் தீனியே வெங்காயத்திலும் பருப்பிலும் இருக்கிற அந்தச் சர்க்கரைகள்தான் அம்மா. தீனியை நிறுத்திவிட்டு, கோழி இளைத்துவிட்டது என்று கோழிக்கு மருந்து வாங்கியிருக்கிறீர்கள்."

எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 41 ஐ.பி.எஸ். நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. நான்கு வாரம் இந்த உணவு முறையில் இருந்தவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது, கூடவே பைஃபிடோபாக்டீரியாவும் குறைந்தது. நான்கு வாரத்துக்கே அப்படி என்றால் ஒன்பது மாதத்துக்கு? நோய்க்குக் காரணம் என்று நான் பணம் கொடுத்து வாங்கிய அந்தச் சிவப்புப் பட்டை, என் சாப்பாட்டுத் தட்டின் பிரதிபலிப்பாகவே இருந்திருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தில் உணவு பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

மருத்துவர் இன்னும் சிலவற்றைச் சொன்னார். மலத்தில் தெரிகிற பாக்டீரியாவும் குடல் சுவரை ஒட்டி வாழ்கிறவையும் ஒன்றல்ல. ஆரோக்கியமானவருக்கு இன்ன பாக்டீரியா இத்தனை இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு எதுவும் கிடையாது. ஒரு ஆய்வில் கூடுவது இன்னொன்றில் குறைகிறது. பாக்டீரியாவை மாற்றினால் நோய் மாறிவிடும் என்பதும் அவ்வளவு நேரான கணக்கல்ல. டென்மார்க்கில் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களின் மலத்தைச் சுத்திகரித்து மாத்திரையாக்கி ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது. பாக்டீரியா வகைகள் பெருகின, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் தொந்தரவு அதிகம் குறைந்தது. ரிஃபாக்ஸிமின் என்ற, குடலோடு நின்றுவிடுகிற ஆன்டிபயாடிக் ஒன்று உண்டு. 2011ல் வெளியான பெரிய சோதனைகளில் அதை 14 நாள் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நிவாரணம் கிடைத்தது. போலி மாத்திரைக்காரர்களில் 32 பேருக்கு. உதவும், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

புரோபயாடிக்கே வேண்டாமா என்று கேட்பீர்கள். அமெரிக்கக் குடல் மருத்துவர் அமைப்பு 2021ல் ஐ.பி.எஸ்ஸுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டன் அமைப்பு அதே ஆண்டில், விரும்பினால் 12 வாரம் வரை முயன்று பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்றது. எனக்கு இந்த 12 வாரக் கெடு பிடித்திருக்கிறது. காலண்டரில் தேதி குறித்துக்கொண்டு தொடங்குங்கள், அந்தத் தேதியில் நிறுத்துங்கள். நான் கெடு வைத்திருந்தால் எட்டு மாத 22,400 ரூபாய் மூன்று மாதத்தோடு நின்றிருக்கும். பழைய சோற்றையும் மோரையும் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். எனக்கு இரண்டும் ஒத்துக்கொள்கின்றன, விரும்பிச் சாப்பிடுகிறேன். அவைதான் மருந்து என்று யாராவது பொட்டலம் கட்டி விற்றால் வாங்காதீர்கள்.

எனக்கு எழுதிக் கொடுத்த மருந்துகள் இரண்டே. இரவில் இசப்கோல், அரைக் கரண்டியில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டியது. மலச்சிக்கலுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன், தளர்வாகப் போவதையும் கட்டுப்படுத்துகிறது. இன்னொன்று அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். மருந்துக் கடையில் அது மனச்சோர்வு மாத்திரை என்றதும் பயந்து இரண்டு வாரம் தொடவே இல்லை. மறுபடி மருத்துவரிடம் போய்க் கேட்டேன். மனச்சோர்வுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் இது, குடல் நரம்புகளின் வலி உணர்வையும் வேகத்தையும் தணிக்கத்தான் தருகிறேன் என்று விளக்கினார். அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் சோதித்த முடிவு வெளியானது. அதிலும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் நன்றாகவே உதவியிருந்தது. முதல் பத்து நாள் வாய் உலர்ந்தது, காலையில் அசதி. ஐந்தாவது வாரம், காபி குடித்தபின் வயிறு முறுக்காமல் இருப்பதைக் கவனித்தேன். இது எனக்கு ஒத்துவந்த மருந்து. நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், இதயத் துடிப்புக் கோளாறு போன்றவை இருப்பவர்களுக்கு இது ஆகாது.

உணவைத் திரும்பச் சேர்த்ததுதான் பெரிய வேலை. 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, சாப்பிட்டது, வலி பத்துக்கு எத்தனை, மலம் எந்த வகை, தூக்கம், மாதவிலக்கு நாள். மலத்துக்கு ஏழு வகைப் படம் போட்ட பிரிஸ்டல் அட்டவணை ஒன்று இருக்கிறது, அந்த எண்ணை எழுதினால் போதும், மருத்துவருக்குப் புரியும். ஒரு பொருளை மூன்று நாள், கொஞ்சம், நடுத்தரம், வழக்கமான அளவு என்று கூட்டிச் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாள் இடைவெளி விட்டேன். முதலில் துவரம்பருப்பு. மூன்றாவது நாள் இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டபோது கை நடுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. தயிர் ஒத்துக்கொண்டது, ஒரு தம்ளர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. சப்பாத்தி இரண்டு சரி, பரோட்டா இல்லை. சின்ன வெங்காயம் மூன்று வரை தாங்குகிறது, எட்டுப் போட்ட அன்று இரவு எல்லாம் உப்புசம். இரண்டாவது காபி கட்டாயம் கூடாது. 31 சிவப்பு அடையாளங்களில் உண்மையிலேயே தள்ளிவைக்க வேண்டியிருந்தவை நான்குதான். இதைக் கண்டுபிடிக்க ஆன செலவு நோட்டுக்கு முப்பது ரூபாய், காலம் நான்கு மாதம்.

மொத்தம் 82,400 ரூபாயில் 20,000 தேவையான பரிசோதனைகளுக்கு. மீதி 62,400 வீண். இதுதவிர சம்பளம் இல்லாத விடுப்பு 23 நாள். இப்போது எடை 56 கிலோ. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வயிறு இன்னும் கலக்கும், பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்திலும் மாதவிலக்குக்கு முந்தைய நாளிலும். அன்றைக்கு ஒரு ரயில் தள்ளி வருகிறேன், அலுவலகத்தில் இப்போது காரணம் தெரியும். மாற்று உடுப்பு இன்னும் பையில் இருக்கிறது.

பூண்டுதான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பூண்டு ரசம் இல்லாமல் அத்தைக்குச் சமையலே கிடையாது. பூண்டில் இருக்கிற தொந்தரவான சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். இப்போதெல்லாம் ரசத்துக்குத் தாளிக்கும்போது நான்கு பல்லைத் தட்டி நல்லெண்ணெயில் சிவக்க வறுத்து, வாசனை இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுகிறார். எண்ணெய் மட்டும் ரசத்துக்குப் போகிறது. கிண்ணத்தில் இருப்பது என் கணவர் தட்டுக்கு.